பிடியரிசியில் வண்டு

கல்லூரிப் பட்டம் பெற்று, சபை மூப்பராய் இருபதாண்டுகள் பணியாற்றியவன் நான். ஒட்டுக்கேட்கும் வழக்கம் எனக்கில்லை. ஆயினும் குலசேகரம் பேருந்தில் முன்னிருக்கைப் பெண்கள் இருவரின் குரல் வண்டியையே நிறைத்தது. இளையவள்தான் தன் அண்ணன் மனைவியிடம் தொடங்கினாள்.

“மைனி, சபைக்கு எடுத்துவச்ச பிடியரிசியில வண்டரிச்ச அரிசியப் போட்டது நாந்தான்! பழி ஒங்கமேல விழுந்தப்பம் மிண்டாம இருந்துட்டேன்.”

“இப்பம் எதுக்குட்டீ சொல்லுக?”

“காலம்பற ஜெபத்துல, மைனிக்கு நல்ல புத்தி குடும் ஆண்டவரேன்னு கேட்டேன். எனக்கே வெக்கமாயிட்டு. உள்ளதச் சொல்லி அழுதேன். இப்பம் பறக்கது மாதிரி இருக்கு!”

“சபையில எந்திரிச்சுச் சொல்லுவியா?”

“சொல்லுவேன்!”

“அப்பம் நானும் சொல்லணும். ஒனக்குக் கேடு வரணும்னுல்லாட்டீ தெனமும் ஜெபிச்சேன்!”

இருவரும் கைகோத்து, உரக்க அழுது ஜெபித்தனர்.

அன்று பேருந்தில் இரு பெண்கள் சண்டையிட்டதாக ஊரில் சொல்கின்றனர். அவர்கள் சண்டையிடவில்லை.