கம்ப்யூட்டர் மணியை யார் மாத்தினா?

இல்ல தம்பி, மணி ஏன் மாறுதுன்னு நானா கண்டுபிடிக்கல. இதை எனக்கு முதல்ல சொன்னது எதிர்வீட்டு கம்ப்யூட்டர் டீச்சர். போன வெள்ளிக்கிழமை, மொட்டைமாடியில துணி காயப் போட்டுக்கிட்டிருந்தப்போ. பார்த்து, அந்தப் பெட்டியில கால் இடிச்சுக்காதீங்க. பொண்ணோடது. நாளைக்குக் காலையில வேலைக்குன்னு வேற ஊருக்குக் கிளம்புறா. நீங்க ரிப்பேர் பார்க்க வந்த கம்ப்யூட்டர் இதுதான். உட்காருங்க. நாற்காலி லேசா ஆடும், விழமாட்டீங்க.

ஆமா, கம்ப்யூட்டர் ஒண்ணு, உள்ள சிஸ்டம் ரெண்டு. ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம் மாதிரி பையன்தான் போட்டுக் குடுத்தான். ஆன் பண்ணதும் எதைத் திறக்கணும்னு கேட்கும் பாருங்க, மேல இருக்கிறது பொண்ணுக்கு, கீழ இருக்கிறது அவனுக்கு. அன்னிக்கு அண்ணனும் தங்கச்சியும் ஒரே நாற்காலியில இடிச்சுக்கிட்டு உட்கார்ந்து, சிரிச்சுக்கிட்டே செஞ்சாங்க.

வினை இந்த மணியில வந்துச்சு. இவ திறந்தா ரெண்டு மணி நேரம் பின்னாடி காட்டும். முணுமுணுத்துக்கிட்டே சரி பண்ணுவா. அவன் திறந்தா ரெண்டு மணி நேரம் முன்னாடி ஓடும். வேணும்னே பண்றான்னு இவ, வேணும்னே பண்றாள்னு அவன். மணியைத் தொடாதேன்னு அவன் இங்க ஒரு சீட்டு ஒட்டினான். முதல்ல நீ கையை எடுன்னு இவ அதுக்குக் கீழயே ஒண்ணு ஒட்டினா. பாருங்க, பசை இன்னும் போகல.

சிரிங்க, நானும் சிரிச்சவதான். ஒருநாள் அவன் இந்த மணியை நம்பி, சாப்பிடாமக்கூட ஃபேக்டரிக்கு ஓடினான். கேட்டே திறக்கல. வாட்ச்மேன், என்ன சார், இன்னிக்குப் பூட்டுத் திறக்கிற வேலையும் உங்களுக்கானு கேட்டாராம். செல்போனைப் பார்க்கலையான்னு கேட்கிறீங்களா? அது அப்ப ரிப்பேர்ல இருந்துச்சு.

அதோட போயிருந்தா பரவாயில்ல. இவளுக்கு ஒரு இன்டர்வியூ வந்துச்சு, இதே திரையில. பக்கத்துத் தெருவுலேயே ஆபீஸ். அவ்வளவு ஆசைப்பட்டா. நடுவுல யாரும் கூப்பிடக் கூடாதுன்னு போனை அணைச்சு உள்ள வெச்சுட்டா. அன்னிக்கு மணியைச் சரி பண்ண மறந்து, திரையைப் பார்த்து இன்னும் நேரம் இருக்குன்னு நிதானமா தலை வாரிக்கிட்டிருந்தா. அவங்க காத்திருந்து பார்த்துட்டுப் போயே போயிட்டாங்க.

அண்ணன்தான் கெடுத்தான்னு ஒரே முடிவு. நான் மணிப் பக்கமே போகலைன்னு அவன் சத்தியம் பண்ணான். பொய்ச் சத்தியம் வேறயான்னு கேட்டுட்டா. அந்தச் சொல்லு அவனைச் சுட்டுடுச்சு. அன்னியிலேருந்து பேச்சு கிடையாது.

ஒரே மேஜையிலதான் சாப்பிடுவாங்க. ஆனா, அம்மா, உன் பையன்கிட்ட உப்பை நகர்த்தச் சொல்லும்பா. அம்மா, உன் பொண்ணுக்குக் கை எட்டும்னு சொல்லும்பான். நடுவுல நான் ஒரு தபால்காரி. முன்னெல்லாம் சாயங்காலம் மூணு பேரும் ஒண்ணா உட்கார்ந்து ஜெபம் பண்ணுவோம். இப்ப அவ எழுந்து போனதும் அவன் வர்றான். கடவுளும் பாவம், எங்க வீட்டுக்கு ரெண்டு ஷிஃப்ட் பார்க்கிறார்.

இதைத்தான் டீச்சர்கிட்ட புலம்பினேன். துணியை அப்படியே கொடியில போட்டுட்டு வந்து பார்த்தாங்க. யாரும் எதுவும் பண்ணலம்மா, மெஷின் வயித்துக்குள்ள ஒரு சின்னக் கடிகாரம் இருக்குன்னாங்க. பொண்ணோட சிஸ்டம் அதை நம்ம ஊர் மணின்னே நம்புதாம். பையனோடது அதை உலகப் பொது மணின்னு நம்பி, நாம வந்து குடியிருக்கிற இந்த நாடு அதுக்கு ரெண்டு மணி முன்னாடிங்கிறதால ரெண்டு மணி கூட்டிக்குதாம். அப்புறம் நெட் வந்ததும் தானா சரி பண்ணி, அந்தப் பொது மணியைக் கடிகாரத்துல எழுதி வெச்சிடுமாம். இவ வந்து பார்த்தா பின்னாடி இருக்காதா? என் பையன் பண்ணது பொய்ச் சத்தியம் இல்ல தம்பி. இவ கோபப்பட்டதும் சும்மா இல்ல. மணி தப்பாத்தானே இருந்துச்சு.

என்ன, ரெண்டு பக்கமும் திறந்து பார்த்துட்டீங்களா? சரியா இருக்கா? இருக்கும், இருக்கும். டீச்சர் அன்னிக்கே பையன் பக்கத்துல ஏதோ ஒரு வரி அடிச்சாங்க. இப்ப அதுவும் ஊர் மணியையே பார்க்குது.

கோவிச்சுக்காதீங்க. வீணா அலைய வைக்கல. நான் சொன்னேன், ரெண்டு பேரும் கேட்கல. உனக்கென்னம்மா தெரியும்னு இவ. நீ அவ பக்கம்னு அவன். டீச்சர் சொன்னா, அவங்க அவளோட சிநேகிதிதானேம்பான். உங்களுக்கு இந்த வீட்டுல எந்தப் பக்கமும் கிடையாது. பொய் சொல்லச் சொல்ல மாட்டேன், உள்ளதைச் சொன்னாப் போதும். பெட்டி வாசல்ல நிக்குது. பஸ் ஏத்திவிடட்டுமான்னு அவன் ஒரு வார்த்தை கேட்கமாட்டானான்னு அவ பார்க்கிறா. அது எனக்குத் தெரியும்.

கேட் சத்தம் கேட்டுச்சா? அவன் வண்டிதான். அவ மாடியிலதான் இருக்கா, கூப்பிடுறேன். இந்த டீயைக் குடிச்சுக்கிட்டு கொஞ்சம் இருங்க தம்பி. ரெண்டு பேரும் வந்து நின்னதும், யார் மேலயும் தப்பில்லன்னு ஒரு தடவை சொல்லிட்டுப் போங்க.