திருமதி ஹிண்டிலின் நாடாப்புழு

ஆட்டுக்குடல் அவ்வளவு சீக்கிரம் எரியாது. கழுவிச் சுரண்டி, நாடாவாகக் கிழித்துக் காயவைத்த குடல் இன்னும் மோசம். நெளியும், சுருளும், அடுப்புக் கம்பியில் ஒட்டிக்கொண்டு கொழுப்பாகச் சொட்டும். நீங்கள் கடைக் கதவை இடித்தபோது ஒரு கூடைக் குடலை இரும்புக் கோலால் அடுப்புக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். முடிக்க முடியவில்லை. மிச்சம் அந்த மூலையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

நாற்றத்துக்கு மன்னிக்க வேண்டும். எனக்கு மூக்கு பழகிவிட்டது. வாசலில் உங்கள் கான்ஸ்டபிள் குமட்டுகிறார். வேண்டுமானால் அலமாரியிலிருந்து இஞ்சி மிட்டாய் ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பயப்பட வேண்டாம், அதில் இஞ்சி மட்டும்தான் இருக்கிறது.

என் மனைவி தெர்ஸா நேற்று மாலை இறந்தாள். இன்று டாக்டர் ரூக் அவள் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு நேரே உங்களிடம் ஓடி வந்திருக்கிறார். அடுத்தவர் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் புரியும்.

இந்த ஊரில் யாருக்கும் வயிறு சரியில்லை. எப்படிச் சரியாக இருக்கும்? விடியும் முன்னே பஞ்சாலைச் சங்கு ஊதிவிடுகிறது. ரொட்டியில் படிகாரம், பாலில் சுண்ணாம்பு. கக்கூஸ் குழிக்கும் குடிதண்ணீர்க் குழாய்க்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர். தறிக்கு முன்னால் நின்றபடியே பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியை விழுங்கி, ஆறிப்போன தேநீரை ஊற்றிக்கொள்கிறார்கள். பிறகு ஏப்பம், எரிச்சல், பொருமல். கோயிலில் நான் ஜெபம் சொல்லும்போது வரிசை வரிசையாக வயிறுகள் உறுமுவதைக் கேட்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அருவருப்பாக இருக்கும். ஆனாலும் அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.

அப்படிப் பிறந்ததுதான் ஹிண்டில் உத்தம வயிற்று மாத்திரை. கற்றாழைப் பாலைக் காய்ச்சிய கரியபோளம், சோப்பு, கொஞ்சம் இஞ்சி. எல்லா பேட்டன்ட் மருந்துக்காரனும் உருட்டுவதுதான். நன்றாகப் பேதியாகும். ஆனால் வெறும் பேதியில் மனிதனுக்குத் திருப்தி இல்லை, ஐயா. நோய் தன்னைவிட்டுப் போனதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும். அதனால் மாத்திரையின் நடுவில் குடல் நாடா ஒன்றை இறுக்கிச் சுருட்டி, மெழுகு பூசி வைத்தேன். மெழுகு உள்ளே கரையும். நாடா விரியும். பேதியோடு வெளியே வரும்போது அசல் நாடாப்புழு மாதிரியே இருக்கும்.

ஜனங்கள் அதைக் குச்சியால் எடுத்து, கழுவி, ஜாம் ஜாடியில் போட்டுக் கடைக்குக் கொண்டு வந்தார்கள். நான் பெயர் ஒட்டிக் கண்ணாடிச் சன்னலில் வரிசையாக வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் குடும்பம் குடும்பமாக வந்து பார்ப்பார்கள்.

"பாருடி, என்னோடது உன்னோடதைவிட ஒரு முழம் நீளம்" என்பாள் தறிக்காரி நான்சி க்ளெக்.

"ஆமாண்டி, உன் நாக்கைவிட ஒரு முழம் கம்மி" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

மாத்திரை டப்பாவைச் சுற்றி அரசாங்க முத்திரைத் தாள் ஒட்டியிருக்கும். பேட்டன்ட் மருந்துக்கு விதித்த வரி, அவ்வளவுதான். மகாராணியே ஒரு மாத்திரை தின்று பார்த்துவிட்டுத்தான் அந்தத் தாளை ஒட்டி அனுப்புகிறார் என்று ஊர் நம்பியது. நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

முதல் ஜாடியைக் கொண்டு வந்தவள் தெர்ஸா. அப்போது ஆலையில் நூல் இழுத்துக்கொண்டிருந்தாள். எலும்பும் தோலுமாக, கவுன் மேல் ஜாடியை அணைத்துப் பிடித்து, பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல் காட்டினாள். "மூணு வருஷமா என்னைத் தின்னுச்சு ஐயா. உங்க புண்ணியத்துல செத்துது" என்றாள். அதே வருடம் அவளை மணந்தேன். அவள் முகத்தைக் கன்னம் கொழுக்க வரைந்து டப்பாவில் அச்சடித்தேன். வாரப் பத்திரிகையில் அவள் நன்றிச் சாட்சியம் தவறாமல் வந்தது. பின்னறை எப்போதும் பூட்டியிருக்கும். செய்முறை ரகசியம் என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் ஒருமுறைகூட சாவி கேட்டதில்லை. இவ்வளவு முழுசாக என்னை நம்பிய ஜீவன் வேறு கிடையாது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றத்தான் எல்லாம் செய்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குழப்பம் வசந்தகாலச் சந்தையில் ஆரம்பித்தது. டாக்டர் ரூக் கடைச் சன்னலிலிருந்து நான்சியின் ஜாடியை எடுத்துக்கொண்டு போய், மீன்காரன் பலகைமேல் கவிழ்த்தார். கத்தியால் கீறினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"நாடாப்புழுவுக்குத் தலை உண்டு. தலையில கொக்கி உண்டு. இதுல ரெண்டும் இல்ல. நான்சியம்மா, நீங்க பெத்தது புழு இல்ல, அரை ஆடு."

மீன்காரன் உட்பட சந்தையே சிரித்தது. நான்சி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஆலை மூடுற திருவிழா வாரம் வரைக்கும் உனக்குத் தவணை. இந்த ஊருக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வயித்துல இருந்து, தலையோட, நிஜப் புழு ஒண்ணு காட்டு. காட்டிட்டா என் நோயாளிகளுக்கெல்லாம் உன் மாத்திரையை நானே எழுதித் தர்றேன். இல்லேன்னா மாஜிஸ்ட்ரேட்டைப் பார்க்கப் போயிடுவேன்."

வீட்டுக்கு வந்ததும் தெர்ஸா தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "அந்த ஆள் சொல்றது பொய்தானே, ஜேபஸ்?"

"பொய்."

"அப்ப என் வயித்துல இருந்து வந்தது?"

"அது நிஜம்."

"அப்படின்னா அவன் மூஞ்சியில அடிச்ச மாதிரி ஒண்ணைக் காட்டு. எனக்கு அழுகையா வருது."

கடை, பெயர், அவள் முகம் அச்சடித்த டப்பாக்கள், எல்லாம் ஒரு புழுவின் தலையில் தொங்கின. நிஜப் புழு எப்படி உண்டாகும் என்று எனக்குத் தெரியும். அதைக் கற்றுக்கொடுத்ததும் டாக்டர் ரூக்தான். தொழிலாளர் மன்றத்தில் அவர் செய்த பிரசங்கத்துக்குப் போயிருந்தேன். புள்ளி விழுந்த பன்றி இறைச்சியை அரைவேக்காட்டில் சாப்பிடாதீர்கள், வயிற்றில் நாடாப்புழு வளரும் என்று அடித்துச் சொன்னார். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். நான் கவனித்துக் கேட்டேன்.

கசாப்புக்காரர் ஆர்மராட் அந்த மாதிரி இறைச்சியைத் தனியாக ஒதுக்கி வைப்பார். சிவப்புச் சதைக்குள் வெள்ளை அரிசிமணிகளைக் குத்தி வைத்ததுபோல் இருக்கும். விரலால் அழுத்தினால் மணி நழுவும்.

"நாய்க்கா, ஹிண்டில் ஐயா?"

"நாய்க்குத்தான்."

"கொடுத்து வச்ச நாய். என் மாமியாருக்குக்கூட நான் இதைப் போட்டதில்ல."

சேஜ் இலையும் மிளகும் தூக்கலாகப் போட்டு, கொத்துக்கறியைக் குடலில் அடைத்துக் குழல் குழலாகச் செய்தேன். வெளியே முறுகலாக, உள்ளே சிவப்பாக இருக்கும்படி வாட்டினேன். தெர்ஸாவுக்கு அப்படிப் பிடிக்கும். ரொட்டியால் தட்டில் இருந்த கொழுப்பையும் துடைத்துச் சாப்பிட்டாள். நானும் அதே தட்டிலிருந்துதான் சாப்பிட்டேன். அவளுக்கு மட்டும் போட்டுவிட்டு நான் ஒதுங்கியிருந்தால் நீங்கள் என்னைக் குறை சொல்லலாம். வாரக்கணக்கில் ஒன்றாக உட்கார்ந்து, ஸ்தோத்திரம் சொல்லி, ஒன்றாகத்தான் சாப்பிட்டோம்.

திருவிழா வாரத்துக்கு முன்னதாகப் புழு வந்தது. தட்டையாக, வெள்ளை வெளேரென்று, கணுக்கணுவாக, ஊசிமுனை அளவுத் தலையோடு. தெர்ஸா கசகசாப் பால் குடித்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்ததும் ஜாடியைக் காட்டினேன். கைகொட்டிச் சிரித்தாள். "ஐயோ கர்த்தாவே, இது இருந்துமா நான் உயிரோட இருந்தேன்" என்று ஜாடியை முத்தமிட்டாள். எனக்கே கொஞ்சம் குமட்டியது.

சந்தையில் வண்டிமேல் ஏறி நின்றாள். பைபிள்மேல் கை வைத்து, தன் வயிற்றிலிருந்து வந்தது என்று சத்தியம் செய்தாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள் என்பது ஊருக்கே தெரியும்.

"வெளிய வந்ததை நீயே பார்த்தியாம்மா?" என்றார் டாக்டர்.

"பார்க்கிற நிலையிலயா இருந்தேன்? மூத்திரச் சட்டி தூக்குற புருஷன் எனக்கு வாய்ச்சிருக்கான். உங்க வீட்டம்மாவுக்கு அந்த யோகம் உண்டா, டாக்டரய்யா?"

சந்தை விழுந்து விழுந்து சிரித்தது. டாக்டர் பூதக்கண்ணாடியை வெகுநேரம் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. கடைசியில் "நிஜம்தான்" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். திரும்பச் சொல்லச் சொல்லிக் கூட்டம் கத்தியது. திரும்பச் சொன்னார். அன்று கடையில் ஒரு டப்பாகூட மிஞ்சவில்லை. நான்சியும் முக்காட்டை எடுத்துவிட்டு வந்து வாங்கினாள்.

தெர்ஸாவுக்கு மட்டும் வயிறு அடங்கவில்லை. நிறையச் சாப்பிட்டாள், ஆனாலும் மெலிந்தாள். "உள்ள இன்னும் ஏதோ ஊருது, ஜேபஸ்" என்றாள். பிரமை என்றேன். மிச்சம் மீதி இருக்கும் என்று அவளாகவே மாத்திரையை எடுத்து விழுங்க ஆரம்பித்தாள். காலையில் கையளவு, மாலையில் கையளவு. நான் தடுக்கவில்லை. டப்பாவில் முகம் இருக்கும் பெண்ணே மருந்தை வேண்டாம் என்றால் ஊரில் வேறு யார் வாங்குவார்கள்? தடுப்பதாக இருந்தால் காரணமும் சொல்ல வேண்டும். அது அவள் மனத்தை உடைத்திருக்கும்.

பிறகு பேதி நின்றது. வயிறு மத்தளமாக வீங்கியது. வாந்தி எடுத்தாள். முதலில் பச்சையாக, பிறகு பழுப்பாக. கீழே போக வேண்டியது மேலே வந்தது, ஐயா. நாற்றத்திலேயே தெரிந்தது. துணியை நான்தான் மாற்றினேன்.

"டாக்டரைக் கூப்பிடு, ஜேபஸ். அவன் திட்டினாலும் பரவாயில்ல."

"அவர் வண்டி நம்ம வாசல்ல நின்னா ஊர் என்ன சொல்லும், தெர்ஸா?"

அவள் யோசித்தாள். "ஆமா, சிரிப்பாங்க" என்றாள். என் தெர்ஸா எப்போதும் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவள். இன்னும் இரண்டு மாத்திரை கேட்டாள். கொடுத்தேன்.

ஆக, டாக்டர் ரூக் உள்ளே என்ன கண்டார் என்று எனக்குத் தெரியும். மாத்திரையில் நான் வைத்த குடல் நாடாக்கள் வெளியே வராமல் ஒன்றோடொன்று பின்னி, பந்தாக உருண்டு வழியை அடைத்திருக்கும். சமீபத்தில் மெழுகைக் கொஞ்சம் கனமாகப் பூசிவிட்டேன். கைவேலையில் வந்த பிசகு, ஒத்துக்கொள்கிறேன்.

என்ன சொன்னீர்கள்? பந்துக்குக் கீழே இன்னொன்றும் இருந்ததா? உயிரோடு, கொக்கியால் கவ்விக்கொண்டு, தலையோடு. சரி. அப்படியானால் சந்தையில் காட்டிய புழு யாருடையது என்றுதானே கேட்கிறீர்கள்?

அது என்னுடையது, ஐயா. ஒரே தட்டில் சாப்பிட்டோம் என்று சொன்னேன் அல்லவா. மான்செஸ்டருக்குப் போய், நல்ல மருந்துக் கடையில் பெரணி வேர் எண்ணெய் வாங்கி வந்தேன். ஒருநாள் பட்டினி கிடந்து குடித்தேன். கசப்புதான், ஆனால் ஒரே காலையில் தலையோடு கழன்று வந்துவிட்டது. வயிறு பஞ்சுபோல் ஆகிவிட்டது. மிச்ச எண்ணெய் பின்னறையில் இருக்கிறது, இன்னும் ஒரு ஆளுக்குப் போதும். தெர்ஸாவுக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. அவளுடையது இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. அதைக் கிறிஸ்துமஸ் சந்தைக்கென்று வைத்திருந்தேன்.