வரவேண்டிய சீட்டு

நான் தைக்கிறவள். பள்ளிச் சீருடைகள்தான் அதிகம். அதனால் எங்கள் வீட்டில் பொத்தானுக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் நால்வரும் போக்கர் ஆடும்போது காசுக்குப் பதில் பொத்தான்தான் வைப்போம். நானும் என் கணவரும் கீழ்வீடு. கொழுந்தனும் அவன் மனைவியும் மாடி. அவள் கல்லூரியில் கணக்கு நடத்தினாள். இறந்துபோனவள் அவள்தான். வாக்குமூலத்தில் கையெழுத்து மட்டும் போதும் என்றீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. கொஞ்சம் உட்காருங்கள், முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஓர் ஆட்டம். என் கையில் இரண்டு இஸ்பேட், மேசையில் இரண்டு. மேசையில் இன்னும் ஒரே ஒரு சீட்டு விழ வேண்டும். அதுவும் இஸ்பேட்டாக விழுந்தால் ஐந்தும் ஒரே இனம், ஆட்டம் எனக்கு. ஐந்து தடவைக்கு ஒரு தடவை விழுந்தால் பெரிது. நடுவில் கிடந்தது ஆறு பொத்தான். தொடர்ந்து ஆட இரண்டு போட வேண்டும். கட்டுப்படியாகாது என்று சீட்டைக் காட்டிவிட்டு விலகினேன்.

"ஏன்க்கா விட்டீங்க?" என்றாள் அவள். "கிடக்கிறத மட்டும் பாக்காதீங்க. அந்தச் சீட்டு வந்துட்டா, அதுக்கப்புறம் எதிராளிகிட்ட இன்னும் எவ்வளவு வாங்கலாம்னு சேத்துப் பாருங்க. இப்ப சின்ன நஷ்டம். வர்ற அன்னைக்கு மொத்தமா வந்துரும்."

"எப்பவுமேவா?"

"இல்லக்கா. அவன்கிட்ட நிறைய இருக்கணும். உங்க கையில என்ன இருக்குன்னு அவனுக்குச் சந்தேகமே வரக்கூடாது."

என் கணவர் வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "பாரு, எப்படி யோசிக்கிறா. நீயும் இருக்கியே" என்றார். பதினாறு வருஷமாக அவருக்கு அளவெடுக்காமலே சட்டை தைக்கிறேன். அந்த முகத்தோடு அவர் என்னை ஒருநாளும் பார்த்ததில்லை.

பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நான் அப்படிப்பட்டவள் இல்லை. அவள் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

குளவி கொட்டினால் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். கல்யாணமான புதிதில் ஒருமுறை மறுபிழைப்புப் பிழைத்தாள். அதற்கென்று ஓர் ஊசி உண்டு. உடனே தொடையில் குத்த வேண்டும். மறதிக்காரியான அவள் அதை எங்கெங்கோ வைத்துவிட்டுத் தேடுவாள். நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன். "உங்ககிட்ட இருந்தா எனக்கு நிம்மதிக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோடையில் எங்கள் கூடத்து ஜன்னலுக்கு மேலே குளவிகள் கூடு கட்டின. கணவர் மூன்று முறை கலைக்கப் போனார். "ஆள் சொல்லியிருக்கேன், வந்து எடுப்பான். நீங்க எதுக்கு ஏணியில ஏறி இடுப்பை ஒடிச்சுக்கிறீங்க?" என்றேன். உண்மையில் நான் எந்த ஆளிடமும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் காற்று வரட்டும் என்று அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். அவள் துணிகளுக்கு ஓரம் அடித்துக் கொடுத்தேன். தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிட்டேன். கணவர் அவளை மெச்சும்போதெல்லாம் நானும் கூடச் சேர்ந்து மெச்சினேன். எல்லாம் சின்னச் சின்ன நஷ்டம். பல வாரம் ஒன்றும் வரவில்லை. எனக்கு அவசரமும் இல்லை.

அன்று அவள் தன் பொத்தான்கள் அத்தனையையும் நடுவில் தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு கழுத்தில் அடித்துக்கொண்டாள். குளவி மேசைமேல் விழுந்தது. அவள் தன் கணவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "அக்கா, ஊசி."

உள்ளே ஓடினேன். ஊசி என் தையல் மெஷினின் இழுப்பறையில் இருந்தது. நான் பீரோவைத் திறந்தேன். துணிகளை எடுத்துக் கீழே போட்டேன். ஒவ்வொரு கதவையும் வெளியே சத்தம் கேட்கும்படி திறந்து மூடினேன்.

"அண்ணி, கிடைச்சுதா?" என்று கொழுந்தன் அலறினான்.

"தேடுறேன்ப்பா."

கூடத்தில் அவளுடைய மூச்சிழுப்புச் சத்தம் குறைந்த பிறகுதான் இழுப்பறையைத் திறந்தேன். ஊசியை நானே போட்டேன். கொழுந்தன் அழுதுகொண்டே என் காலைத் தொட்டான்.

அவளைப் பின்சீட்டில் கிடத்திக்கொண்டு கார் கிளம்பியது. என் கணவர் ஓட்டினார். எனக்கு அதில் இடமில்லை. வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று போன் வந்தபோது நான் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். மேசையில் அவள் சீட்டு இரண்டும் கவிழ்ந்தபடி கிடந்தன. சும்மா மிரட்டத்தான் அத்தனையும் தள்ளியிருப்பாள் என்று புரட்டிப் பார்த்தேன். இரண்டும் ராஜா, மேசையில் ஏற்கெனவே இன்னொரு ராஜா கிடந்தது. எங்கள் மூவர் சீட்டையும் புரட்டினேன், அதை வெல்ல எதிலும் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் உடனே கட்டோடு சேர்த்துக் கலைத்துவிட்டேன். அவர் வந்து பார்த்திருந்தால் மறுபடியும் அவளைத்தானே மெச்சுவார்.