எல்லா முகத்துக்கும் ஒரே அளவா?

அவையை ஆளும் தலைவர் அவர்களே, இந்த மரப்பட்டறையை வளர்த்தெடுத்த முதலாளி ஐயா அவர்களே, தூசியோடு தோள்சேர்ந்து தலைநரைத்த பெரியோர்களே, உப்புத்தாளில் உள்ளங்கை தேய்ந்த தாய்மார்களே, முகக்கவசத்தைத் தாடையில் தொங்கவிட்டபடி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அருமைத் தம்பிமார்களே! உங்கள் மேஸ்திரியின் வணக்கம்.

சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதே தவிர, உங்கள் மூக்கு மூடியதா? மூக்கு எங்கே, கவசம் எங்கே? தாடையா ஐயா மூச்சு விடுகிறது? என்ன, வேர்க்கிறதா? பொறு தம்பி, உன் கட்சிக்குத்தான் வருகிறேன்.

போன மாதம், நம் பாலிஷ் அக்கா கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பலகை தேய்த்துக்கொண்டிருந்தார். காட்டுக் கத்தல் கத்தினேன். அவர் இயந்திரத்தை நிறுத்தி, கன்னத்தைக் காட்டினார். வார் அறுத்த சிவப்புக் கோடு!

"மேஸ்திரியண்ணே, இறுக்கினா வெட்டுது, தளர்த்தினா தூசி பூரா உள்ள வருது. ஒரு மணி நேரம் நீங்க மாட்டிக்கிட்டுத் தேய்ங்க. அப்புறம் திட்டுங்க."

வீராப்பாக மாட்டினேன். கண்ணாடி மங்கியது, தாடி அரித்தது, காது எரிந்தது. இருபதே நிமிடம்! பிடுங்கி எறிந்தேன். தாடி இடுக்கு வழியே நுழைந்த தூசி, மூக்கைச் சுற்றி மாவு பூசியிருந்தது.

அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்க முடியவில்லை. பலகையைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இத்தனை நாளும் யாரைத் திட்டினோம் என்று வெட்கினேன் ஐயா, வெட்கினேன்!

"இப்ப தேறிடும். இன்னும் தூசி போச்சுன்னா நான் பொறுப்பில்ல" என்றார் மருத்துவர்.

அன்றே தாடியை மழித்தேன். மூன்று அளவில், மெத்தென்ற வாரோடு கவசம் கேட்டு அலுவலகத்துக்கு எழுதினேன். வந்த பதில் என்ன? "பழைய ஸ்டாக் தீரட்டும்!" ஸ்டாக் தீருமுன் ஆள் தீர்ந்துபோனால்? பலகைக்குப் பலகை அளவெடுக்கும் பட்டறையில், முகத்துக்கு அளவெடுக்க நாதியில்லையா?

முதலாளி ஐயா தலையசைக்கிறார். தலையசைப்பு போதாது ஐயா, கையெழுத்து வேண்டும். இதோ தாள், இதோ பேனா.

போடுகிறார்... போட்டுவிட்டார்!

தம்பிகளே, கைதட்டியது போதும். இனி உங்களுக்குச் சாக்கில்லை. மூக்குத்தண்டில் கம்பியை அழுத்துங்கள், ஓரம் கசிகிறதா என்று ஊதிப் பாருங்கள், அப்புறம் இயந்திரத்தைத் தொடுங்கள். மணிக்கொரு முறை வெளியே வந்து கழற்றி இளைப்பாறுங்கள், ஏன் என்று நான் கேட்கமாட்டேன்.

புதுப்பெட்டி வந்ததும் முதலில் தேர்ந்தெடுப்பவர் பாலிஷ் அக்கா. செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி. நெஞ்சு நிறைய மூச்சிழுத்து நீடு வாழுங்கள், வணக்கம்!