தூங்குதா, உறங்குதா

"ஹலோ... ஆமா, ஜெஸ்பின்தான்... ஆரு, டிஜோவா? சொல்லு மக்கா."

வடசேரியில் தன் லேப்டாப் ரிப்பேர் கடையில், பாதி பிரித்த லேப்டாப்பின் மேலேயே ஸ்க்ரூடிரைவரை வைத்தான் ஜெஸ்பின். அவனுக்கு நிச்சயம் செய்த ரெஜிஷா சென்னையில் வேலை பார்க்கும் அதே ஆபீசில்தான் டிஜோவும். அவன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"அவ லேப்டாப்பா?... ஆமா, ஆமா, நான்தான் ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர் ஏத்திக் குடுத்தேன்... அது ஒன் கையில எப்பிடி வந்து?... ஓ. அவளே தந்தாளா... நீ எங்க நிக்க?... ரூம்லயா. அவ?... ஹாஸ்டல்லயா. சரி."

அவளே தந்தாளாம். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எங்கிட்ட தூங்குதுன்னுதான் சொன்னா. நம்மூர்ல தூங்குதுன்னா தொங்குகதுல்லா? ஹேங் ஆகுன்னு நெனச்சி ரேம மாத்திக் குடுத்தேன்... என்னது?... மூடி வச்சித் தொறந்தா ஃபைலு கெட்டுப் போகா?... அப்போ உறங்குகதத்தான் அவ... சிரிக்காதல. ஒனக்கு மட்டும் ஒடனே வெளங்கிச்சோ?"

முட்டத்தில் பிறந்தவள், சென்னைக்குப் போய் உறக்கத்தைத் தூக்கமாக்கிவிட்டாள். அது கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கு விளங்கவில்லை, கூட இருக்கிறவனுக்கு விளங்கிவிட்டது. பொறாமையில் ஜெஸ்பினுக்குக் காது சுட்டது. சொல்லிக்கொடுக்காமல் போனை வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தான். ஆனால் கெட்டுப்போவது அவளுடைய வேலையல்லவா?

"கேளு. அது உறங்கும்போ எல்லாம் மெமரியிலதான் கெடக்கும். எழும்பும்போ மொதல்ல ஓடுக புரோகிராம்தான் ஃபர்ம்வேரு, அது மெமரியத் தொடப்பிடாது. இது என்ன செய்யுகுன்னா, புதுசா பவர் போட்டதா நெனச்சி மெமரிய டெஸ்ட் பண்ணுகு. பழசுக்கு மேலேயே எழுதித் தள்ளிருகு... ஆமா... ஆமா... உறங்கி எழும்புனதான்னு மொதல்ல பாக்கணும். அப்பிடின்னா டெஸ்ட் வேண்டாம். நான் திருத்தி அனுப்புகேன், நீ ஏத்து... செரி, அவகிட்ட சொல்லு, நான்தான் சரியாக்குனேன்னு... என்ன?... கேக்கல... உரக்கப் பேசுல."

டிஜோவின் குரல் ஏனோ இறங்கிக்கொண்டே போனது. ஜெஸ்பின் போனைக் காதோடு அழுத்தினான்.

"மெல்லப் பேசணுமா? நானா?... தனியா ரூம்ல இருக்கவனுக்கு எதுக்குல குசுகுசுப்பு?... என்ன? தூங்குறாளா?... ஆருல தூங்குறா?... டிஜோ... ஹலோ... ஹலோ..."

லைன் கட்டாகிவிட்டது. இந்தத் தடவை அந்தச் சொல் அவனுக்கு உடனே விளங்கியிருந்தது.