ஆத்தைப் பாத்த ரூம்

அது சரிம்மா, பின்பக்கத்து ரூம் நல்ல ரூம்தான், நான் இல்லேங்கல. காத்து வருது, சத்தம் இல்ல, குளிக்கிற எடம் தனியா இருக்கு. ஆனா எனக்கு அது வேணாம். மூணாவது மாடில ஆத்தைப் பாத்தாப்ல ஒண்ணு பூட்டிக் கெடக்குல்ல, அதத்தான் கேக்குறேன்.

தெரியும்மா. மத்தியானத்துக்கு மேல வெயில் நேரா மூஞ்சில அடிக்கும். டீசல் பொகை வரும். படகுத்துறை நேர் கீழ, காலைல மொத போட்டு வந்ததுலேர்ந்து சாயங்காலம் கடைசி போட்டு போற வரைக்கும் விசில் சத்தம் ஓயாது. நீங்க சொல்ற கொறை அம்புட்டையும் நான் கீழ நின்னே பாத்து வச்சுட்டேன். ஊர்ல எல்லாரும் சத்தம் இல்லாத எடமாத் தேடுவாங்க, இந்தக் கெழவன் சத்தத்த வாடகைக்குக் கேக்குறானேன்னு பாக்குறீங்க. பாருங்க, பாருங்க. என் அக்கா மகனும் அப்படித்தான் பாத்தான்.

அவன் எனக்காக பாங்காக் பூரா அலைஞ்சான் பாவம். மொதல்ல மேம்பால ரயில் நிக்கிற எடத்துகிட்ட ஒரு ரூம். ஏசி, லிப்டு எல்லாம் உண்டு. மாமா, வயசான காலத்துல ஆஸ்பத்திரிக்குப் போக வர சுலபம்னான். ஜன்னலத் தொறந்தேன், எதுத்தாப்ல இன்னொருத்தன் ஜன்னல். வேணாம்னுட்டேன். அப்புறம் தோன்புரி கரைல வாய்க்காலுக்குள்ள ஒரு மர வீடு. அழகான வீடும்மா, வாசல்ல உக்காந்து கால நனைக்கலாம். ஆனா பெரிய போட்டு வாய்க்காலுக்குள்ள வராதே. மூணாவது ஒண்ணு ஆத்தோரமாவே புடிச்சுக் குடுத்தான். அங்க மஞ்சக் கொடி கட்டுன போட்டுதான் நிக்குது, ஆரஞ்சுக் கொடி கட்டுன போட்டு நிக்காம நேராப் போயிருது. அதுக்கும் வேணாம்னேன். கொடி கலர் பாத்து வீடு புடிக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன், நீங்களே தேடிக்கங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அதான் நானே வந்தேன், இந்த அரிசிமில் துறைக்கு.

வாசல்ல இருக்குற உங்க குட்டிச் சாமி வீட்டுல செகப்பு சோடா வச்சிருக்கீங்க, ஸ்ட்ரா போடலயேம்மா. சாமி எப்படிக் குடிக்கும். இல்ல, சும்மா, கண்ணுல பட்டுச்சு.

வேலையா? இப்ப ஒண்ணும் இல்ல. முன்னாடி போட்டுல இருந்தேன், முப்பத்தோரு வருஷம். ஓட்டல. பின்னாடி நிக்கிறவன். விசில்காரன்.

நீங்க இங்கயே இருக்கறவங்க, கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போயிருக்கும். ஆனா அது என்னன்னு யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. ஓட்டுறவரு முன்னாடி உக்காந்திருப்பாரு, அவருக்குப் பின்பக்கம் ஒண்ணும் தெரியாது. அம்மாம் நீளப் போட்டு. துறை மிதவைகிட்ட கொண்டாந்து அணைக்கிறது, நிறுத்துறது, கெளப்புறது எல்லாம் பின்னாடி நிக்கிறவன் விசில்லதான். ஒரு நீளம் ஊதுனா நில்லு. ரெண்டு குட்டையா ஊதுனா பின்னால வா. அடுக்கடுக்கா ஊதுனா எல்லாரும் ஏறியாச்சு, போ. ஓட்டுறவரு திரும்பிப் பாக்க மாட்டாரு. பாக்கவும் கூடாது. நாம என்ன ஊதுறோமோ அதத்தான் செய்வாரு.

ஆமா, நல்ல வேலைதான். நானா விட்டேன். முட்டி வலி.

என்னம்மா?

யாரு, நானா? முந்தாநாளா? இருக்கும். துறைல நூறு பேரு நிப்பாங்க.

சரி. மூணு நாளா நின்னேன். காலைல எட்டு பத்துக்கு வர்ற போட்டுக்கும் நின்னேன், பதினொண்ணே கால் போட்டுக்கும் நின்னேன். ஆமாம்மா, போட்டுல விசில் ஊதுற அந்தப் பொண்ணத்தான் பாத்துக்கிட்டு நின்னேன், நான் ஏறவே இல்ல. நீங்க கீழ உங்க சோத்துக் கடைலேர்ந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கீங்க. அதான் பின்பக்க ரூம், பின்பக்க ரூம்னு தள்ளிக்கிட்டே இருந்தீங்களா. நல்லதும்மா. கோவமில்ல. உங்க கடைல சோறு திங்கிற புள்ள, உங்களுக்கு அக்கறை இருக்கத்தான் செய்யும். ஒரு கெழவன் நின்னு மொறச்சுப் பாத்தா யாரும் கேக்கத்தான் செய்வாங்க. அவளுக்குன்னு இந்தக் கரைல கேக்க ஒரு ஆளு இருக்குன்னு தெரியுறதே எனக்கு நிம்மதியா இருக்கு.

மீன் கொழம்பு வாங்குவாளா? மொளகாய் தனியாக் கேப்பாளே. கேக்குறாளா. சரி, சரி.

எப்படித் தெரியுமா. தெரியும்.

அவ பேரு நிங். உங்ககிட்ட என்ன சொல்லியிருக்கா, வீட்டைப் பத்தி ஏதாச்சும்?

ஓ.

எப்ப சொன்னா? சோறு திங்கிறப்பவா. எப்படிச் செத்தாருன்னு சொன்னாளா? அதச் சொல்லலயா. வெறுமனே, அப்பா இல்ல, செத்துட்டாருன்னு மட்டுந்தானா. அழுதாளா சொல்றப்ப? அழல. சரிம்மா.

அந்த ஸ்டூலக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க, உக்காந்துக்கிறேன். தண்ணி வேணாம். ஒண்ணும் இல்ல, படி ஏறி எறங்குனது.

அந்தச் செத்த ஆளு நாந்தாம்மா. பதறாதீங்க. பொய் சொல்லிட்டாளேன்னு அவள ஒண்ணும் கேட்டுராதீங்க. அவ பக்கம் அது சரிதான்.

அவ வீட்டுக்காரன் வீரயுத்னு, கரண்டு வேலை பாக்குற பையன். தெனமும் காலைல என் போட்டுலதான் போவான். கல்லுக்கோயில் துறைல ஏறுவான். எங்க ரெண்டு பேருக்கும் ஒரு வெளாட்டு உண்டு. எல்லாரும் ஏறுன பொறவும் அவன் மிதவைல நிப்பான். நான் போன்னு ஊதுவேன், போட்டு நகரும், அப்பத்தான் தாவுவான். கைல ஒட்டரிசிச் சோத்துப் பொட்டலம். மாமா, இன்னைக்கும் நான்தான் ஜெயிச்சேன்னு சிரிப்பான். மாமனாரும் மருமகனும் வெளாடுற வெளாட்டா இது. தெரியுது. அப்பத் தெரியல. கண்டிக்க வேண்டியவன் நான், எனக்கே அது புடிச்சிருந்துச்சு. நாளெல்லாம் ஊதி ஊதிச் சலிச்சவனுக்கு அந்த ஒரு தாவல் சந்தோசமா இருந்துச்சும்மா.

அன்னைக்கு ஒரு இழுவைப் படகு நெல்லு ஏத்துன நாலு படகக் கட்டி இழுத்துக்கிட்டுப் போச்சு. அலை வந்து எங்க போட்டத் தள்ளி விட்டுருச்சு. அவன் தாவிட்டான். போட்டுக்கும் மிதவைக்கும் நடுவுல விழுந்துட்டான். விழுந்தும் பொழைச்சிருப்பான். மிதவை டயரப் புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தான், நான் கண்ணால பாத்தேன். நான் ஒரு நீளம் ஊதணும். நில்லுன்னு. அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷம் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்.

ரெண்டு குட்டையா ஊதிட்டேன்.

ஓட்டுறவரு போட்டப் பின்னால கொண்டாந்து மிதவையோட அணைச்சுட்டாரு.

அவரு என்ன பண்ணுவாரு, ஊதுனதத்தான செய்வாரு. விசாரணைல நான் நில்லுன்னுதான் ஊதுனேன், அலைதான் தள்ளிருச்சுன்னேன். அவரு தரையப் பாத்துக்கிட்டு ஆமான்னாரு. எனக்காகச் சொன்னாரு. ஏறுற எறங்குற சனத்துக்கு எல்லா விசிலும் ஒண்ணுதான், யாருக்கு வித்தியாசம் தெரியப் போகுது. மேலதிகாரியும் எழுதி மூடிட்டாரு.

ஆனா மிதவைல விசில் தெரிஞ்ச ஆளு ஒருத்தி நின்னா. புருசன வழியனுப்ப வந்தவ. பேச்சு வர்றதுக்கு முன்னாடியே அவ வாயில விசில் வச்சுக் கத்துக் குடுத்தவன் நான். நடக்கத் தெரியாத வயசுல ரெண்டு ஊதிட்டுப் பின்னாலயே நகந்து போவா, வீடே சிரிக்கும்.

கோயில்ல ஏழு நாள் பிரார்த்தனை நடந்துச்சு. எரிச்சு முடிச்ச பொறவு கிட்ட வந்தா. அப்பா, நீங்க ரெண்டு ஊதுனீங்கன்னு சொன்னா. சண்டை போடல, சத்தம் போடல. நான் ஆமான்னு சொல்லுவேன்னு அப்படியே நின்னா. இவ்வளவு நேரம் நின்னாம்மா.

இல்லன்னேன்.

அத்தோட சரி. நாலு வருஷமாச்சு. போட்டுல டிக்கெட் டப்பாவக் குலுக்கிக் காசு வாங்குற வேலைல சேந்தா, அப்புறம் பின்னாடி நிக்கிற வேலையக் கேட்டு வாங்குனான்னு கேள்விப்பட்டேன். பொம்பளைக்கு எதுக்கு அந்த வேலைன்னு சிரிச்சாங்களாம். என்கிட்ட யாரும் சொல்லல, நானாக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

இல்லம்மா, போய்ப் பேச மாட்டேன். மூணு நாள் நின்னும் வாய் வரலையே. அவ சோறு திங்க வர்ற நேரத்துக்கு நான் மாடிய விட்டு எறங்க மாட்டேன். ஜன்னலுக்கு ஒரு துணியும் மாட்டிக்கிறேன். பாக்க வேணாம். காதுல விழுந்தாப் போதும்.

கேக்கணும்னது விசில் இல்ல. விசில் எல்லாரும் ஊதுறதுதான். நீங்க கவனிச்சிருக்கீங்களா, அவ போட்டு மட்டும் லேட்டாக் கெளம்பும். கடைசி ஆளு ஏறியிருப்பான், கயித்தையும் எடுத்திருப்பா, ஆனா ஊத மாட்டா. குனிஞ்சு அந்த எடவெளியப் பாப்பா. சனம் கத்தும், ஆபீசுக்கு நேரமாச்சு, தூங்குறியாம்மான்னு. அப்பவும் ஊத மாட்டா. பதினாலு வரைக்கும் எண்ணுனேன் நேத்து. அந்த ஊதாத நேரம் எனக்குச் சொல்றதும்மா. அவ நாலு வருஷமா எங்கூடப் பேசுறது அது ஒண்ணுதான். ஒரு நாளைக்கு ஆறு தடவ இந்தத் துறைக்கு வருது அவ போட்டு. ஆறு தடவையும் எனக்குக் கேக்கணும்.

இந்தச் சாவியா? சின்னதுதானா? ரொம்ப நன்றிம்மா. வாடகைக் கணக்க என் அக்கா மகன் பேர்ல எழுதிக்கங்க. அவ உங்ககிட்ட மேல யாரு குடி வந்திருக்கான்னு கேட்டா, ஒண்ணும் பெருசாச் சொல்ல வேணாம். காது கேக்காத கெழவன் ஒருத்தன்னு சொல்லுங்க.