நம்ம பேச்சு

வியாழக்கிழமைத் தேநீருக்கு என் வீட்டுக்கு வருகிறவர்கள் எலுமிச்சைக் கேக்கைப் பாராட்டாமல் போவதில்லை. உங்கள் மகன் ஹியூ இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சார்லட்டை அவர் முதலில் பார்த்ததும் அன்றுதான். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்கிறீர்கள், ஐயா. இல்லை. நிச்சயதார்த்தத்தை முறித்துக்கொண்டபோது அவள் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. உங்கள் முகத்தைப் பார்த்து என்னால் பேச முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன், மன்னிக்க வேண்டும்.

அவள் அனாதை அல்ல. பெயரும் சார்லட் அல்ல, லோட்டி. என் வீட்டுக்குச் சலவைத் துணி கொண்டுவந்த பெண். நான் வேலைக்காரியை அதட்டியதை ஒருநாள் வாசலில் நின்று என் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். நான் கோபித்திருக்க வேண்டும். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். பெரிய வீட்டுப் பெண்களுக்கு உச்சரிப்புச் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. அவர்களில் ஒருத்திக்கும் அப்படிப்பட்ட காது கிடையாது.

அவள் அம்மா கெசையா, லாம்பெத்தில் ஏழைகள் தெருவில் குடியிருந்தவள். நீர்க்கீரையைக் கட்டுக் கட்டிக் கூடையில் சுமந்து விற்பாள். மகளைச் சந்தோஷமாகத்தான் என்னிடம் விட்டாள். "நல்லாப் பேசக் கத்துக்கிட்டா நல்ல எடத்துல வேலை கெடைக்கும்ல, மேடம்?" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவாள். அவள் வந்துபோனால் லோட்டியின் வாயில் பழைய பேச்சு திரும்பிவிடும். அதைத் துடைக்கவே எனக்குத் திங்கட்கிழமை முழுவதும் போய்விடும். அடிக்கடி வராதே என்றேன். பிறகு, வரவே வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை.

ஹியூ பெண் கேட்ட சமயம் லோட்டி உங்கள் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருந்தாள். கெசையா முன்வாசலுக்கே வந்து மணியடித்தாள். மழையில் நனைந்த கூடையைக் கம்பளத்தின் மேல் வைத்துவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தாள். தெருவில் யாராவது பார்த்திருப்பார்களோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"எம்பொண்ணக் கூப்பிடுங்க, மேடம்."

அவள் இறந்துவிட்டாள் என்று சொன்னேன். முன்கூட்டியே யோசித்து வைத்ததல்ல, ஆனால் சொல்லும்போது தடுமாறவும் இல்லை. தொற்றுக் காய்ச்சல், அன்றைக்கே அடக்கம் செய்யும்படி ஆயிற்று என்றேன்.

அவள் நம்பவில்லை. "உங்கள மாதிரிப் பெரிய மனுஷங்க பேசுறது எனக்கு ஒண்ணும் வெளங்கலை. எம்புள்ளைய எங்க மறைச்சு வெச்சிருக்கீங்க?" என்று எழுந்து மாடிப்படியைப் பார்த்தாள்.

இனி வருவது லோட்டிக்கும் தெரியாது. நான் பிறந்தது பெர்மண்ட்சியில், தோல் பதனிடும் கொட்டகைக்குப் பின்னால். கெசையா பேசியது நான் பேசி வளர்ந்த பேச்சு. அதை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, அந்தப் பேச்சிலேயே சொன்னேன்:

"போயிட்டாடி நம்ம புள்ள. என் மடியிலதான் உசுரு போச்சு. கடேசி வரைக்கும் உன்னத்தான் கேட்டுக்கிட்டுக் கெடந்தா."

கெசையா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அட, நீ நம்மாளா?" என்றாள். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? நம்மாளு சொன்னா நான் நம்புறேன்." என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அது மட்டும் பொய்யில்லை.

லோட்டியிடம், உன் அம்மா கனடாவுக்குக் கப்பலேறிவிட்டாள், உன்னை மறந்துவிடச் சொன்னாள் என்றேன். கொஞ்ச நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவள் உச்சரிப்பு மிகவும் தெளிந்துவிட்டது.

மீதி நடந்தபோது ஹியூவும் பக்கத்தில் நின்றிருக்கிறார். வாட்டர்லூ ரயில் நிலைய வாசலில் கீரைக்கூடையோடு நின்ற அம்மாவைப் பார்த்து லோட்டி ஓடினாள். பட்டுக் கையுறையும் இறகுத் தொப்பியுமாக ஒரு சீமாட்டி வருவதைக் கண்டு கெசையா பின்வாங்கினாள்.

"எம்பொண்ணு செத்துட்டா தாயி. உங்க சாடையிலதான் இருப்பா."

நான்தான் லோட்டி என்று அவள் சொன்னது உங்கள் வீட்டு வரவேற்பறைக் குரலில் வந்தது. பழைய பேச்சில் சொல்லிப் பார்த்தாள். அதை நான் வேரோடு பிடுங்கியிருந்தேன். பணக்காரப் பெண் ஒருத்தி கீரைக்காரியைப் போல நடித்துக் காட்டுவதாகத்தான் கேட்டிருக்கும்.

"ஏழைன்னா என்ன வேணா கேலி பண்ணலாமா? செத்தவள வெச்சுமா?"

கூடையைப் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவள் வரவில்லை. லாம்பெத் அறையையும் எப்போதோ காலி செய்திருந்தாள்.

அன்று மாலை லோட்டி என்னிடம் வந்தாள். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவே இல்லை.

"அம்மாவை நான் எப்படியும் தேடிக் கண்டுபிடிப்பேன்," என்றாள். "அப்போது நான் வாயைத் திறந்ததும் அவளுக்கு என்னைத் தெரிய வேண்டும். என் பழைய பேச்சைச் சொல்லிக்கொடுங்கள், மிஸ் லைல். உங்களைத் தவிர யாரிடம் போய்க் கேட்பேன்?"

என்னால் முடியும். அவளுடைய காதுக்குச் சில வாரங்கள் போதும். பெர்மண்ட்சியில் என்னைத் தூங்கவைத்த குரல் அப்போதே என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

அந்தப் பேச்சு எனக்குத் தெரியாது, சார்லட் என்றேன். அவளுடைய நன்மையை நினைத்துத்தான், ஐயா.